சிறுகுடல் முடியும் இடத்து வால்வில் புண்: டி.பி.யா, கிரோனா?

கோத்தகிரிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய அக்காவுக்கு 34 வயது, எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறார். நாலு மாதமாக வலது அடிவயிற்றில் விட்டு விட்டு வலி, சாயந்தரமானால் உடம்பு காய்கிறது, 6 கிலோ எடை குறைந்துவிட்டது. கோயம்புத்தூரில் கொலோனோஸ்கோபி செய்தார்கள். 'இலியோசீக்கல் வால்வு உருக்குலைந்து வாய் பிளந்திருக்கிறது, சுற்றிலும் புண்' என்று எழுதியிருக்கிறார்கள். பயாப்சி ரிப்போர்ட்டில் 'நாள்பட்ட அழற்சி, குறிப்பான காரணம் தென்படவில்லை' என்று இருக்கிறது. ஒரு டாக்டர் டி.பி. மருந்து ஆரம்பிக்கலாம் என்கிறார். இன்னொருவர் கிரோன் நோய் (தொற்று இல்லாமல் குடலில் வரும் நாள்பட்ட அழற்சி) போலிருக்கிறது, ஸ்டீராய்டு கொடுத்துப் பார்க்கலாம் என்கிறார். நடுவில் ஒரு உறவினர், வால்வு திறந்துகொண்டதுதான் வினை, வயிற்றை அழுத்தி அதை மூடிவிடுவார்கள் என்று ஒரு இடம் சொல்லியிருக்கிறார். வால்வை மூட முடியுமா, வெட்டி எடுக்க வேண்டி வருமா, அக்காவின் குழந்தைகளுக்கு ஒட்டுமா என்பவை அவர் எழுதிய கேள்விகள். அவற்றுக்கு அடியில் இன்னொரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது: காரணம் உறுதியாகத் தெரியாதபோது எந்த மருந்தை நம்பித் தொடங்குவது?

நான் நீலகிரியில் 26 வருடமாக நோய்க்கூறியல் மருத்துவராக இருக்கிறேன். குடலிலிருந்து கிள்ளி எடுத்த துண்டுகளை மைக்ராஸ்கோப்பில் பார்த்து ரிப்போர்ட் எழுதுவது என் அன்றாட வேலை. நோயாளியைக் கட்டிலருகில் நின்று பார்க்கும் மருத்துவர் நான் இல்லை. உங்கள் அக்காவின் ஸ்லைடையும் நான் பார்க்கவில்லை. ஆகவே இன்ன நோய்தான் என்று இங்கே சொல்ல மாட்டேன். ஆனால் அந்த 'காரணம் தென்படவில்லை' என்ற வரி எப்படி எழுதப்படுகிறது, அதற்குப் பிறகு என்னென்ன வழி பாக்கியிருக்கிறது என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

முதலில் அந்த வால்வு. சிறுகுடல் சுமார் 6 மீட்டர் ஓடிவந்து, வலது இடுப்பெலும்புக்கு உட்பக்கம் பெருங்குடலின் பக்கச் சுவரில் நுழைகிறது. நுழைகிற இடத்தில் மேலொன்றும் கீழொன்றுமாக இரண்டு சதை உதடுகள். அவைதான் வால்வு. அதற்குக் கீழே பை போலத் தொங்கும் பகுதி சீக்கம், அதில் ஒட்டிக்கொண்டிருப்பது குடல்வால். பதினாறாம் நூற்றாண்டில் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்தில் இருந்த காஸ்பர் பாஹின் என்ற உடற்கூறியலாளரின் பெயரால் இதை பாஹின் வால்வு என்றும் சொல்வார்கள். ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர் போல நீர்த்த கலவை இதைத் தாண்டிப் போகிறது, பெருங்குடல் அதில் பெரும்பகுதி நீரை உறிஞ்சிக்கொள்கிறது. பெருங்குடலில் இருக்கும் கிருமிக் கூட்டம் சிறுகுடலில் இருப்பதைவிடப் பல ஆயிரம் மடங்கு அடர்த்தியானது. அது பின்னோக்கி ஏறாமல் தடுப்பதில் இந்த உதடுகளுக்குப் பங்கு உண்டு. அந்தப் பங்கு எவ்வளவு, இது தானாக மூடும் வெறும் கதவா, சுருங்கி விரியும் தசை வளையமா என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்றும் ஒரே கருத்து இல்லை.

உறவினர் சொன்னதற்கு வருகிறேன். பேரியம் மருந்தை ஆசனவாய் வழியாகச் செலுத்திப் படம் எடுத்த காலத்திலேயே ஒரு விஷயம் தெரிந்திருந்தது. எந்த நோயும் இல்லாத பலருக்கு அந்த மருந்து வால்வைத் தாண்டிச் சிறுகுடலுக்குள் சர்வசாதாரணமாக ஏறிவிடும். அவர்களுக்கெல்லாம் வால்வு 'இறுக்கமாக' இல்லை, அதனால் ஒரு கெடுதலும் இல்லை. திறந்த வால்வு என்று ஒரு நோய் இருப்பதாகவும், உடம்பின் பாதி உபாதைகளுக்கு அதுவே மூலம் என்றும், வெளியிலிருந்து அழுத்தினால் மூடிவிடும் என்றும் சொல்வதற்கு ஆதாரம் கிடையாது. உங்கள் அக்காவுக்கு வால்வு பிளந்து நிற்பது வேறு வகை. அங்கே புண் வந்து, ஆறி, தழும்பு இழுத்ததால் உதடுகள் விறைத்து மூட முடியாமல் நிற்கின்றன. வெந்து ஆறிய தோல் இழுத்துக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள், அதே கதைதான். விரலால் அழுத்தி அதைச் சரிசெய்ய வழியே இல்லை. நம் ஊர்களில் குழந்தைக்கு வயிறு நொந்தால் குடலேற்றம் என்று எண்ணெய் தடவி நீவிவிடுவார்கள். லேசாகத் தடவிவிடுவதைப் பற்றி நான் பேசவில்லை. ஆனால் புண்ணாகி மெலிந்த குடலை, சுருங்கி அடைபடும் நிலையில் இருக்கும் குடலை, ஒருவர் முழங்கையாலோ கட்டைவிரலாலோ அழுத்தினால் அது ஓட்டையாகலாம். தயவுசெய்து அக்காவை அங்கே அழைத்துப் போகாதீர்கள்.

சரி, ஏன் புண் அங்கே வந்தது? வயிற்றுக்குள் டி.பி. வந்தால் குடலில் அது அதிகம் பிடிக்கும் இடம் இதுதான், இதில் சந்தேகமே இல்லை. காரணங்களும் ஓரளவு தெளிவானவை. சிறுகுடலின் கடைசி முழத்தில் நிணத் திசுக்கள் திட்டுத் திட்டாக நிறைந்திருக்கின்றன. விழுங்கப்பட்ட கிருமியை முதலில் உள்ளே இழுப்பவை அவைதான். வால்வுக்கு முன்னால் உணவுக் கூழ் கொஞ்ச நேரம் தேங்கி நிற்கிறது, கிருமிக்கு அவகாசம் கிடைக்கிறது. காய்ச்சாத பாலிலிருந்து வரும் மாட்டு வகை டி.பி.யைப் பற்றிப் பலர் கேட்பார்கள். பாலைக் காய்ச்சிக் குடிக்கும் நம் வழக்கத்தில் அது அபூர்வம், பெரும்பாலும் மனிதரிடம் மனிதருக்குப் பரவும் அதே கிருமிதான் குடலிலும் இருக்கிறது. நெஞ்சு எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது, அதனால் டி.பி. இல்லை என்று யாராவது சொன்னால் ஏற்றுக்கொள்ளாதீர்கள். குடல் டி.பி. உள்ளவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு நுரையீரலில் அந்த நேரத்தில் ஓடும் நோய் இருக்காது.

டி.பி. புண் குடலைச் சுற்றி வளையமாகப் போகும், ஆறும்போது அந்த வளையம் சுருங்கும். சீக்கம் மேல்நோக்கி இழுபட்டுக் கூம்பாகிவிடும். வால்வு பிளந்து, அதற்கு முந்தைய சிறுகுடல் ஒடுங்கி நிற்பதைப் பழைய எக்ஸ்ரே மருத்துவர்கள் கவிழ்த்த குடை என்று சொன்னார்கள். கிரோன் நோயின் புண் பெரும்பாலும் குடலின் நீளவாக்கில் ஓடும், நடுநடுவே நல்ல பகுதியை விட்டுவிட்டுத் தாவும், சின்னச் சின்ன வாய்ப்புண் போல ஆங்காங்கே தோன்றும். ஆசனவாய் அருகே பௌத்திரம் இருந்தால் எடை கிரோன் பக்கம் சாயும். மாலைக் காய்ச்சலும், வயிற்றில் நீரும், சி.டி. ஸ்கேனில் நடுவில் செத்துப்போன நிணநீர்க் கட்டிகளும் இருந்தால் டி.பி. பக்கம் சாயும். நீங்கள் எழுதியதில் காய்ச்சலும், உருக்குலைந்த வால்வும் டி.பி.யை நோக்கிக் கை காட்டுகின்றன. ஆனால் இவை சாய்வுகள்தான். இரண்டு நோய்களும் ஒரே இடத்தில், ஒரே மாதிரி உருவத்தில் வரும். 1913-ல் ஸ்காட்லாந்தின் அறுவை மருத்துவர் டால்ஸியல், டி.பி. போலவே இருக்கிறது ஆனால் டி.பி. இல்லை என்று ஒரு குடல் நோயை எழுதினார். 1932-ல் நியூயார்க்கில் கிரோனும் அவருடைய தோழர்கள் இருவரும் அதையே சிறுகுடலின் கடைசிப் பகுதி நோயாக விவரித்தபோதுதான் அது தனி நோயாக நிலைபெற்றது. அந்தப் பழைய குழப்பம் டி.பி. மிகுந்த நம் நாட்டில் இன்றும் தினசரிக் குழப்பம்.

இப்போது என் மேசைக்கு வருகிறேன். கொலோனோஸ்கோபியில் எடுக்கும் துண்டு ஒரு கடுகை விடக் கொஞ்சம் பெரிது. அதை மெழுகில் பதித்து, சில மைக்ரான் கனத்தில் சீவி, சாயம் ஏற்றிப் பார்க்கிறோம். தேடுவது கிரானுலோமா என்ற செல் கூட்டத்தை. டி.பி.யில் அது பெரிதாக, ஒன்றோடொன்று சேர்ந்து, நடுவில் பாலாடைக்கட்டி போலச் செத்த திசுவோடு இருக்கும். அப்படிப் பார்த்தால் எனக்கு அனேகமாகத் தயக்கம் இராது. கிரோனில் சின்னதாக, தனித்தனியாக, அரிதாக இருக்கும். பல நேரம் இரண்டு நோயிலும் கிள்ளிய துண்டில் அது அகப்படாது. ஏனென்றால் டி.பி. கிரானுலோமா மேல் தோலுக்கு அடியில் இருக்கும் அடுக்கில் உட்கார்ந்திருக்கும். கிள்ளும் கருவி மேலாகப் போனால் வெறும் அழற்சிதான் வரும். அப்போது நாங்கள் எழுதும் வரிதான் உங்கள் கையில் இருப்பது. இந்தத் துண்டில் தடயம் அகப்படவில்லை என்பதற்கு மேல் அந்த வரியில் நான் எதையும் படிக்க மாட்டேன். டி.பி. இல்லை என்று அதற்கு ஒருபோதும் பொருள் இல்லை.

இதை நான் ஒரு பெண்ணின் ஸ்லைடில் கற்றேன். வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வருடம். இரண்டே துண்டு வந்திருந்தது, நான் வழக்கமான சீவலைப் பார்த்துவிட்டு 'காரணம் தென்படவில்லை' என்று கையெழுத்துப் போட்டேன். அவரைக் கிரோன் என்று முடிவுசெய்து ஸ்டீராய்டு தொடங்கினார்கள். ஆறு வாரத்தில் காய்ச்சல் ஏறி, மூச்சுத் திணறலோடு வந்தார். நெஞ்சு எக்ஸ்ரேயில் இரண்டு பக்கமும் தினை தூவியது போல டி.பி. பரவியிருந்தது. அன்று ராத்திரி அதே மெழுகுக் கட்டையை எடுத்து இன்னும் ஆழமாகச் சீவச் சொன்னேன். ஒன்பதாவது சீவலில் கிரானுலோமா இருந்தது. முதலிலேயே சீவியிருந்தால் அவருக்கு அந்த ஆறு வாரம் மிஞ்சியிருக்கும். அவர் பிழைத்தார், நீண்ட நாள் மருந்து சாப்பிட்டார். அதிலிருந்து இந்த வால்விலிருந்து வரும் எந்தத் துண்டையும் ஆழச் சீவாமல் நான் ரிப்போர்ட் எழுதுவதில்லை.

ஆகவே நீங்கள் செய்யக்கூடிய முதல் காரியம், பயாப்சி பார்த்த லேபில் மெழுகுக் கட்டையையும் ஸ்லைடையும் இன்னொரு அபிப்பிராயத்துக்காகக் கேட்பது. அதைக் கேட்க நோயாளிக்கு உரிமை உண்டு, லேபுகள் இதற்காகவே எடுத்து வைத்திருக்கின்றன. 'ஆழமான சீவல்கள் பார்த்தீர்களா, எத்தனை துண்டு வந்தது' என்று கேளுங்கள். மூன்று நாலு துண்டுதான் வந்திருந்தால் அது போதாது, இந்த இடத்தில் எட்டுப் பத்துத் துண்டு வேண்டும், அதுவும் புண்ணின் ஓரத்திலிருந்தும், ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் கிள்ளி ஆழத்திலிருந்தும். அடுத்து ஒரு சின்ன விஷயம் பெரிய இழப்பாகிவிடுகிறது. எல்லாத் துண்டையும் திசு கெடாமல் வைக்கும் பார்மலினில் போட்டுவிட்டால் கிருமி செத்துவிடும், வளர்த்துப் பார்க்க முடியாது. சில துண்டுகளைப் பார்மலின் இல்லாமல் ஸலைனில் போட்டு, கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்கும், கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் சோதனைக்கும் அனுப்ப வேண்டும். கல்ச்சர் முடிவு வர 6 முதல் 8 வாரம் ஆகலாம். சிபிநாட் சில மணி நேரத்தில் சொல்லிவிடும், டி.பி.யின் முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கிருமி மசியுமா என்பதையும் சேர்த்துச் சொல்லும். குடல் துண்டில் அது பாசிடிவ் வந்தால் நம்பலாம். நெகடிவ் வந்தால் அதை வைத்து டி.பி.யை ஒதுக்க முடியாது, குடல் துண்டில் கிருமிகள் அவ்வளவு குறைவு. கையில் ஊசி போட்டுப் பார்க்கும் மான்டோ சோதனையால் இந்தக் கேள்விக்குப் பெரிதாக உதவி இல்லை.

வால்வில் வேறு எதுவும் வருமா என்றால், வரும். சிலருக்கு உதடுகளில் வெறும் கொழுப்பு சேர்ந்து தடித்திருக்கும், சி.டி.யில் கொழுப்பின் கருமையோடு தெரியும், அதற்கு வைத்தியம் தேவையில்லை. டைபாய்டு, அமீபா, வலி மாத்திரைகள் எல்லாம் அங்கே புண் உண்டாக்கும். மூட்டு வலிக்கும் இடுப்பு வலிக்கும் கடையில் மாத்திரை வாங்கிப் போடும் பழக்கம் எஸ்டேட்டில் நிறைய. அக்கா அப்படிச் சாப்பிடுகிறாரா என்று கேட்டு டாக்டரிடம் சொல்லுங்கள். புற்றுநோயும் அங்கே வரும், அதனால்தான் துண்டு எடுக்காமல் கண்ணால் பார்த்து மட்டும் முடிவு செய்யக் கூடாது. கூடலூர், பந்தலூர் பக்கத்துப் பழங்குடிக் குடும்பங்களாக இருந்தால் ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளையும் பரம்பரை நோயான சிக்கிள் செல் நோயின் வயிற்று வலியையும் நினைவில் வைக்க வேண்டும், அது வால்வைப் பிளக்காது, ஆனால் வலியின் கணக்கைக் குழப்பும்.

இத்தனையும் பார்த்த பிறகும் டி.பி.யா கிரோனா என்று தீராவிட்டால்? அப்போது முதலில் டி.பி. மருந்து என்று சொல்லும் டாக்டரோடு நான் நிற்பேன். இரண்டு தவறுகளும் ஒரே எடை கொண்டவை இல்லை. கிரோன் நோயாளிக்கு இரண்டு மாதம் டி.பி. மருந்து கொடுத்தால் நாள் வீணாகும், சிலருக்குக் குடல் இன்னும் சுருங்கும், ஈரலுக்குத் தொல்லை வரலாம். அவை சின்ன விஷயம் என்று சொல்லவில்லை. ஆனால் ஸ்டீராய்டு உடம்பின் எதிர்ப்புச் சக்தியை அடக்கும், டி.பி. நோயாளிக்கு அதை மட்டும் கொடுத்தால் கிருமி பரவி உயிருக்கே ஆபத்து. ஒரு எச்சரிக்கை உண்டு. டி.பி. மருந்து தொடங்கியதும் வலி குறைகிறது, பசிக்கிறது என்பதை மட்டும் வைத்து டி.பி. என்று முடிவு கட்டக் கூடாது, கிரோன் நோயாளிகளில் சிலருக்கும் கொஞ்ச நாள் அப்படித் தோன்றும். இரண்டு மாதம் கழித்து மறுபடி கொலோனோஸ்கோபி செய்து புண் ஆறியிருக்கிறதா என்று கண்ணால் பார்ப்பதுதான் உரைகல். டி.பி. புண் அதற்குள் பெரும்பாலும் ஆறிவிடும். ஆறாமல் அப்படியே இருந்தால் கிரோனா, மருந்துக்கு மசியாத டி.பி.யா, வேறு எதுவுமா என்று திரும்ப உட்கார வேண்டும். வால்வு பிளந்தே இருக்கிறதே என்று அப்போது பயப்படாதீர்கள், தழும்பு போகாது, புண் போயிற்றா என்பதுதான் கேள்வி.

டி.பி. என்றால் சாதாரணமாக 6 மாத மருந்து. முதல் 2 மாதம் நாலு மருந்து, அடுத்த 4 மாதம் மூன்று. எடைக்கு ஏற்ற மாத்திரையை அரசு மருத்துவமனையில் இலவசமாகத் தருகிறார்கள். தனியார் டாக்டர் பார்த்தாலும் 2012 முதல் அரசுக்குப் பதிவு செய்தாக வேண்டும், அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. பதிவு செய்தால் சத்துணவுக்காக மாதம் 1000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும், 2024 நவம்பருக்கு முன் அது 500 ஆக இருந்தது. சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், பயப்பட வேண்டாம். கண் மஞ்சளானாலோ, வாந்தி நிற்காமல் இருந்தாலோ, பார்வை மங்கினாலோ, நிறம் தெரிவதில் குழப்பம் வந்தாலோ அன்றே டாக்டரிடம் போக வேண்டும். அக்கா கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால், ரிஃபாம்பிசின் அதன் வேலையைக் கெடுத்துவிடும். இதைப் பல இடங்களில் பெண்களிடம் யாரும் சொல்வதே இல்லை. வேறு முறைக்கு மாறச் சொல்லுங்கள்.

வெட்டி எடுப்பதைப் பற்றிக் கேட்டீர்கள். குடல் முழுதாக அடைத்துக்கொண்டால், ஓட்டையானால், ரத்தம் நிற்காமல் போனால், அல்லது மருந்து முடிந்த பிறகும் தழும்பு ஒடுக்கம் வழிவிடாமல் இருந்தால் மட்டும் அறுவை. சின்ன ஒடுக்கத்தை பலூன் வைத்தும் விரிக்கலாம். வால்வோடு சேர்த்து ஒரு சாண் குடலை எடுத்தவர்கள் நன்றாக வாழ்வதைப் பார்த்திருக்கிறேன். சில மாதம் மலம் இளகிப் போகும், பிறகு உடம்பு பழகிக்கொள்ளும். சிறுகுடலின் கடைசிப் பகுதிதான் பி12 வைட்டமினையும் பித்த உப்பையும் உறிஞ்சும் இடம். சுமார் 60 செ.மீ.க்கு மேல் எடுத்தால் வாழ்நாள் முழுக்க பி12 ஊசி தேவைப்படலாம். எடுத்த பிறகு வரும் தொல்லைகளில் வால்வு போனதால் வந்தது எவ்வளவு, அந்தக் கடைசிப் பகுதி போனதால் வந்தது எவ்வளவு என்பது இன்னும் பிரித்தறிய முடியாத கேள்வி. என் எண்ணம், குடலின் நீளம்தான் பெரிய கணக்கு என்பது.

மலையில் இருப்பதால் இரண்டு விஷயம். மறுபடி கொலோனோஸ்கோபிக்குப் போகும்போது பேதி மருந்தை வீட்டில் குடித்துவிட்டு பஸ்ஸில் மலை இறங்காதீர்கள். முதல் நாளே கீழே போய்ச் சொந்தக்காரர் வீட்டிலோ மருத்துவமனையிலோ தங்கிக் குடிக்கச் சொல்லுங்கள். வழியில் அவஸ்தைப்படுவோமே என்று பாதி மருந்தைக் குடிக்காமல் விட்டு, குடல் சுத்தமில்லாமல் திருப்பி அனுப்பப்பட்ட எஸ்டேட் பெண்கள் எத்தனையோ பேர். ஆனால் இது முக்கியம்: குடல் ஒடுங்கியவருக்குப் பேதி மருந்தே ஆபத்தாகலாம், ஒடுக்கம் இருக்கிறதா என்பதைத் தெரிந்துகொண்டுதான் டாக்டர் அதை எழுத வேண்டும். அப்புறம், வயிறு உப்பி, வாந்தி எடுத்து, காற்றும் பிரியாமல் போனால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் சரிந்து கோத்தகிரி ரோடும் குன்னூர் ரோடும் எப்போது மூடும் என்று சொல்ல முடியாது. முதலில் பக்கத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். மூக்கு வழியாகக் குழாய் விட்டு, டிரிப் ஏற்றிவிட்டால் கீழே போகும் வரை தாங்கும்.

குழந்தைகள். குடலில் மட்டும் இருக்கும் டி.பி. மூச்சுக் காற்றில் பரவாது, ஒரே தட்டில் சாப்பிட்டாலும் பக்கத்தில் படுத்தாலும் ஒட்டாது. ஆனால் அக்காவுக்கு அது எங்கிருந்தோ வந்திருக்கிறது. அவருக்கு இருமல் இருக்கிறதா, நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தார்களா, லைன் வீட்டில் உடன் இருக்கும் யாராவது, முக்கியமாக வயதானவர்கள், வாரக்கணக்கில் இருமிக்கொண்டிருக்கிறார்களா என்று பாருங்கள். அப்படி ஒருவர் இருந்தால் குழந்தைகளுக்கு ஆபத்து அக்காவிடமிருந்து இல்லை, அவரிடமிருந்து. அவரைச் சளிப் பரிசோதனைக்கு இந்த வாரமே அழைத்துப் போங்கள், குழந்தைகளையும் கூடவே கூட்டிப் போய்க் காட்டிவிடுங்கள்.